நம்மளே செஞ்சுக்கலாம்

அந்த போர்டைப் பாத்தீங்களாங்க? இப்பத் தாண்டுனமே, 'வளைவு, மெதுவாகச் செல்லவும்'னு. கம்பம் ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது. குழிய ஆழமாத் தோண்டல. மேலாக்க ஒரு சட்டி காங்கிரீட்டைக் கொட்டிட்டுப் போயிருக்கறான். ரெண்டு மழை தாங்காது. உங்களுக்கு அதெல்லாம் கண்ணுல படாது. எனக்குப் படுதுங்க. போர்டைக் கண்டாவே கம்பத்தைப் பாக்கறேன், மூலையப் பாக்கறேன், ஸ்டிக்கர்ல கொப்புளம் இருக்குதான்னு பாக்கறேன். பஸ்ல ஏறுனா மனுசன் கண்ணசரணும். எனக்கு அது இல்லாமப் போச்சு.

நீங்களும் ஓசூருங்களா? நானும் அங்கதான். மச்சினனுக்குப் பத்திரிகை வைக்கப் போறேன். என் பொண்ணு சௌமியாவுக்குக் கல்யாணம், வர்ற ஆவணில. இந்தப் பையில தட்டு, வெத்தல பாக்கு, பழம், வேட்டி சேலை எல்லாம் இருக்குது. கொஞ்சம் அக்கட்ட நகத்தி வச்சுக்கறேன், உங்க காலை இடிக்குது.

தனியாத்தான் போறேன். பத்திரிகை வைக்கப் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போறதுதான் முறை. அதுவும் இந்த மச்சினன் பூபதி என் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்த தம்பி. "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க, எனக்கு முழங்கால் வலி"ன்னுட்டா கோகிலா. சரின்னு கிளம்பிட்டேன். என்ன பண்றதுங்க? தாய்மாமன் இல்லாம ஒரு பொண்ணு மணவறையில உக்கார முடியுமா? மாமன் சீர்த்தட்டு எடுத்துட்டு வரணும், மாமன் மாலை எடுத்துக் குடுக்கணும். நிச்சயத்துக்கு அவன் வரல. பொண்டாட்டிய மட்டும் அனுப்பிச்சிருந்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் பந்தியில உக்காந்துட்டு, "தாய்மாமன் எங்க காணமே?"ன்னு கேட்டுப்போட்டார். நான் ரசத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சௌமியா சொல்லீட்டா, "மாமா இல்லாம நான் மேடை ஏற மாட்டேம்ப்பா"ன்னு. அழுகல கத்தல. சீரியலை நிறுத்திட்டுச் சொன்னா, மறுபடி போட்டுட்டா.

இத்தனைக்கும் நான் என்ன தப்புப் பண்ணுனேன்? அதை நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

நான் ஒரு காலேஜ்ல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். எந்தக் காலேஜுன்னு பேரு வேண்டாங்க. பவானிப் பக்கம், பெரிய வளாகம். ஒரு கேட்ல நுழைஞ்சு இன்னொரு கேட்ல வர்றதுக்குள்ள செருப்புத் தேஞ்சு போகும். உள்ளயே பஸ் ஓடுது. அதனால வழிக்கு வழி போர்டு வேணும். விடுதி இந்தப் பக்கம், நூலகம் அந்தப் பக்கம், வேகத்தடை உள்ளது, ஹார்ன் அடிக்காதீர். அலுமினியத் தகடு, அது மேல ராத்திரி வண்டி லைட் பட்டா மின்னற ஸ்டிக்கர், கீழ இரும்புக் கம்பம். இதையெல்லாம் பூபதி கடையிலதான் வாங்கிட்டு இருந்தோம். பூபதி போர்டு ஒர்க்ஸ்னு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. நான் அந்த வேலையில சேர்றதுக்கு முன்னாடியே அவன்தான் குடுத்துட்டு இருந்தான். அதை நல்லாக் கவனிச்சுக்குங்க. நான் ஒண்ணும் அவனைக் கொண்டாந்து நுழைக்கல.

ஆனா ஊரு வாய் இருக்குதே. கேன்டீன்ல உக்காந்துட்டுப் பேசறாங்க, "வையாபுரி சூப்பர்வைசர் ஆனதும் பாரு, போர்டெல்லாம் மச்சினன் கடையில இருந்து வருது"ன்னு. என் காதுல விழுகற மாதிரியே பேசறாங்க. எனக்கு வடை எறங்கல. நான் ஒரு டீயக்கூட அடுத்தவங்க காசுல குடிக்காதவன். என்னைப் போயி இப்படிச் சொன்னா எப்படி இருக்கும் பாருங்க. பூபதி போர்டு நல்ல போர்டு. அதுல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அவன் என் மச்சினனாப் போய்ட்டான், அதுதான் குறை.

தாளாளர்கிட்ட நேராப் போனேன். "ஐயா, இனி வெளிய வாங்க வேண்டாம். நம்ம வெல்டர் இருக்கறார், ஷெட் சும்மா கெடக்குது. போர்டை நம்மளே செஞ்சுக்கலாம்"னேன். அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தார். "உனக்குத் தெரியுமா வையாபுரி?"ன்னார். "கத்துக்குவேனுங்க"ன்னேன். "பேஷ்"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கால் தரையில நிக்கலீங்க.

யார்கிட்டக் கத்துக்கறது? வேற யாரு, பூபதிகிட்டத்தான். வீட்டுலயே ஆள் இருக்கறப்ப வெளிய எதுக்குப் போகணும்?

கடைக்குப் போனேன். ஒரு போர்டோட மூலையை அரத்துல ராவிட்டு இருந்தான். மூலை கூரா இருந்தா ஆளைக் கிழிச்சிரும்னு ஒவ்வொண்ணையும் உருட்டி எடுப்பான்.

"மாப்ள, இதெல்லாம் எப்படிப் பண்றதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு"ன்னேன்.

"எதுக்குங்க மாமா?"

"காலேஜ்லயே செஞ்சுக்கலாம்னு இருக்கறோம்."

அரத்தைக் கீழ வச்சான். "எல்லாப் போர்டுமா மாமா?"

"எல்லாந்தான். இனி வெளிய வாங்கறதா இல்ல."

கொஞ்ச நேரம் அந்தத் தகட்டையே தடவிட்டு இருந்தான். அப்பறம், "டீ சொல்லட்டுங்களா மாமா?"ன்னான். அவ்வளவுதாங்க. மூஞ்சி சுளிக்கல. வேண்டாம்னு சொல்லல. மனசுல ஏதாச்சும் இருந்திருந்தா அங்கயே சொல்லிருக்கலாமில்ல?

என்னங்க? அக்கா புருசன்கிட்ட எப்படிச் சொல்லுவான்னு கேக்கறீங்களா? நீங்களும் கோகிலா மாதிரியே பேசறீங்களே. நான் என்ன புலியா, கரடியா? நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா உக்காந்திருக்கறவன் எந்திரிச்சு நிப்பான். எனக்குக் கல்யாணமானப்ப அவன் பள்ளிக்கூடம் போய்ட்டு இருந்தான். அன்னையில இருந்து எங்கிட்ட இல்லை, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. அப்படியாப்பட்ட மரியாதை. அதனாலதான் உரிமையோட போய்க் கேட்டேன்.

கடையைச் சாத்திட்டு வந்து நின்னு சொல்லிக் குடுத்தான். எங்க வெல்டருக்கும் எனக்கும். தகட்டை எப்படி வெட்டறது, தின்னர் போட்டு எப்படித் துடைக்கறது, ஸ்டிக்கரை ஒரு ஓரத்துல புடிச்சு ரப்பர் பட்டையில நீவி நீவி எப்படி ஒட்டறது. போர்டோட முகத்துல ஓட்டை போடக்கூடாது, பின்னால பட்டி வச்சு ரிவிட் அடிச்சு கிளாம்ப்ல கம்பத்தைப் புடிக்கணும். குழி இடுப்பளவு வேணும். எந்த ஊர்ல தகடு நல்லாருக்கும், எந்தக் கடைக்காரன் ஏமாத்துவான், அதைக்கூடச் சொன்னான். ஒண்ணை மறைக்கலீங்க. கடைசி நாள் கிளம்பறப்ப அவனோட உருளையை என் மேசை மேலயே வச்சுட்டான். ஸ்டிக்கர் அமுத்தற உருளை, பிடியெல்லாம் அவன் கை பட்டு வழுவழுன்னு இருக்கும்.

"மறந்துட்டுப் போறே மாப்ள"ன்னேன்.

"நீங்களே வச்சுக்குங்க மாமா. எனக்கு இனி அதுல வேலை இல்ல"ன்னான்.

எவ்வளவு பெரிய மனசு பாருங்க! கோகிலாகிட்ட வந்து பெருமையாச் சொன்னேன். அவ தோசைய எடுக்காம நின்னா. தோசை கருகிப் போச்சு.

முதல் போர்டு நிறுத்துன அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். தாளாளரே வந்துட்டார். 'நூலகம்'னு எழுதி ஒரு அம்புக்குறி. கீழ பொடி எழுத்துல 'நம் வளாகத்திலேயே தயாரிக்கப்பட்டது'ன்னு நான் ஒரு வரி சேத்திருந்தேன். அதைப் படிச்சுட்டு என் தோளைத் தட்டுனார். கேன்டீன் ஆளுங்க எல்லாம் பாத்துட்டு இருந்தாங்க. இப்பப் பேசுங்கடா பாக்கலாம்னு நெனைச்சுக்கிட்டேன். மச்சினனுக்குச் சலுகை காட்டுனான்னு இனி ஒருத்தன் சொல்ல முடியுமா? முடியாது. என் கை சுத்தம்.

அப்பறம் என்னன்னா, தகடு மிச்சமாகும். மிச்சம் ஆனதை வீணாக்க முடியுமா? புல்லை மிதிக்காதீர்னு ஒண்ணு. குழாயை மூடவும்னு ஒண்ணு. 'இது பாதை அல்ல'ன்னு ஒண்ணு வச்சேன், அதுக்கு அப்பறந்தான் அந்த வழியில நடக்க ஆரம்பிச்சாங்க. வேப்ப மரத்துக்கு வேப்ப மரம்னு ஒண்ணு. பசங்க சிரிச்சாங்க. சிரிச்சா சிரிக்கட்டும். ஆயுத பூசைக்கு எல்லாப் போர்டுலயும் சந்தனம் குங்குமம் வச்சுட்டாங்க எங்க ஆளுங்க, சொந்தமாச் செஞ்சதாச்சேங்கற பாசத்துல. அந்தக் கறை போகவே இல்ல. அம்புக்குறிக்கெல்லாம் பொட்டு. பூபதி குடுத்த போர்டா இருந்தா கம்பத்தோட அடியில மட்டும் ஒரு பொட்டு வைக்க விடுவான், மேல கை வைக்க விட மாட்டான்.

அந்த ஐப்பசில ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ரிவிட் தீந்து போச்சு, அவன்கிட்ட வாங்கிக்கலாம்னு. கடை சாத்தியிருக்குது. ஷட்டர்ல 'வாடகைக்கு விடப்படும்'னு சாக்பீஸ்ல எழுதியிருக்குது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டேன், "அவரு ஓசூருக்குப் போயி நாளாச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு என்னையே திருப்பிக் கேக்கறார். வீட்டுக்கு வந்து கோகிலாகிட்டக் கேட்டா, "ஆமா, போய்ட்டான்"ங்கறா. வெங்காயம் உரிச்சுட்டே சொல்றா.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி?"

"ஏன் மூடுனான்?"

கத்திய வச்சுட்டா. "ஊர்ல பாதி பேரு பிளெக்ஸுக்குப் போயாச்சு. உங்க காலேஜ் ஒண்ணை நம்பித்தான் அவன் கடை நடந்துச்சு. தெரியாதா உங்களுக்கு?"ன்னா.

எனக்கு எப்படிங்க தெரியும்? அவன் சொன்னாத்தானே தெரியும்? வாயைத் தொறந்து, "மாமா, இதுதான் எனக்குச் சோறு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் யோசிச்சிருப்பேன். யோசிச்சிருப்பேன்னுதான் சொல்றேன். அதுக்காக நான் ஊரு வாயில விழ முடியுமா? ஓசூர்ல ஒரு கம்பெனில பேக்கிங் செக்சன்ல நிக்கறானாம். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டறான். மாசமானா சம்பளம், பி.எஃப். எல்லாம் புடிக்கறாங்க. ஒரு வகையில பாத்தா நல்லதுதானுங்களே? கடைன்னா வரும், போகும். நான் கோகிலாகிட்ட இதைச் சொன்னேன். அவ சோறு போடறா, துணி துவைக்கறா, கரண்ட் பில் கட்டுனீங்களான்னு கேக்கறா, எல்லாம் பண்றா. தம்பி பேச்சை மட்டும் எங்கிட்ட எடுக்கறதே இல்ல.

மழைக்கு அப்பறம் என் போர்டெல்லாம் கொப்புளிச்சுப் போச்சுங்க. ஸ்டிக்கருக்கு அடியில காத்துப் புகுந்து, அம்மை போட்ட மாதிரி. ஈரக்காத்துல ஒட்டக்கூடாதாம். அதை அவன் சொல்லல. இல்ல, சொன்னான். சொல்லலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அழுத்திச் சொல்லலீங்க. சொல்லிக் குடுக்கறவன்னா அழுத்திச் சொல்லணுமில்ல? அவனுக்கே போனைப் போட்டேன். "மாப்ள, கொப்புளம் வருதே, என்ன பண்றது?"ன்னேன். பின்னால மெஷின் சத்தம். "ஊசியில குத்திட்டு அமுத்தி விடுங்க மாமா"ன்னான். "சாப்டியா"ன்னு நான் கேக்கறதுக்குள்ள வச்சுட்டான். அதுதாங்க கடைசி. அதுக்கப்பறம் நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல. கோகிலா கூப்பிட்டா எடுக்கறான், சௌமியா கூப்பிட்டா எடுக்கறான். என் நம்பருக்கு மட்டும் மணி அடிச்சு அடிச்சு நிக்குது.

இப்பக் காலேஜ்ல தாளாளரோட மாப்பிள்ளை வந்துட்டார் நிர்வாகத்துக்கு. முதல் நாளே என் போர்டைப் பாத்து, "யாருங்க இதைச் செஞ்சது?"ன்னு மூக்கைப் பொத்தற மாதிரி கேட்டார். எல்லாத்தையும் புடுங்கியாச்சு. இப்ப அவரோட சிநேகிதன் கம்பெனில இருந்து வருது போர்டு. சிநேகிதன்கிட்டயே வாங்கறார், அதைப் பத்திக் கேன்டீன்ல ஒருத்தன் மூச்சு விடல. நல்ல போர்டுன்னு பேசிக்கறாங்க. நான் டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். யாருக்காக இத்தனை பாடுபட்டேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. அலுப்பா இருக்குதுங்க. உடம்பு அலுப்பில்ல. படுத்தாப் போற அலுப்பா இருந்தாப் பரவால்ல.

இன்னைக்கு அவன்கிட்ட என்ன பேசறதுன்னு ஈரோட்டுல இருந்து யோசிச்சுட்டே வர்றேன். "மாப்ள, நடந்தது நடந்து போச்சு, பெருந்தன்மையா மறந்துரு"ங்கலாமா? அப்படிச் சொன்னா நான் ஏதோ தப்புப் பண்ணுன மாதிரி ஆகிருதே. "உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல"ங்கலாம். அது நல்லாருக்குது. நிச்சயத்துக்கு வராததை நான் மன்னிச்சுட்டேன்னு அவனுக்குத் தெரியட்டும்.

ஒரு நிமிசங்க. போனு. வீட்டுல இருந்துதான்.

அலோ. சொல்லு கோகிலா... தொப்பூர் ஏறிட்டு இருக்குது... சத்தமாப் பேசு, கேக்கல... யாரு?... எங்க, நம்ம வீட்டுலயா?... எப்ப வந்தான்?... பவானிலயா இருந்தான்? எப்ப இருந்து?... உனக்குத் தெரியுமா?... சரி... சரி... அப்ப நான் தர்மபுரில எறங்கித் திரும்பிடறேன்... ஏன்?... சரி... சௌமியா சிரிக்கறாளா அங்க? சத்தம் கேக்குது... ம்... ம்... இல்ல, கேக்குது. வச்சுடு.

பூபதி வந்திருக்கானுங்களாம். எங்க வீட்டுக்கு! பாருங்க, நான் சொல்லல? வருவான்னு எனக்குத் தெரியும். மாமன் அவன். சௌமியாவுக்குப் பட்டுச்சேலை எடுத்துட்டு வந்திருக்கானாம். சீர்த்தட்டு அவனே எடுக்கறானாம், கல்யாணத்துக்கு முன்னாடி நாளே குடும்பத்தோட வந்தர்றானாம். எனக்கு அப்பாடான்னு இருக்குதுங்க. என் பொண்ணு மேடை ஏறுவா. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

நேத்தே பவானிக்கு வந்துட்டானாம். மாமனார் வீட்டுல தங்கியிருக்கான். கோகிலாவுக்கும் தெரியுமாம். நான் பஸ் ஏறுனதும் போன் பண்ணிச் சொல்லியிருக்கா, உடனே வந்துட்டான்.

தெரிஞ்சேதான் என்னை ஓசூருக்கு அனுப்பிச்சிருக்கா.

அங்க வீட்டுல அவன் பொண்டாட்டி இருக்கறாளாம், அவகிட்டத் தட்டை வச்சுக் குடுத்துட்டு, மத்தியானம் சாப்பிட்டுட்டு, பொழுது சாய மெதுவா வந்தாப் போதும்ங்கறா. கல்யாணத்துல எல்லா முறையும் செய்யறேன், மாமாகிட்டப் பேசு பேசுன்னு மட்டும் என்னைச் சொல்லாதக்கான்னு கேட்டுக்கிட்டானாம். அவ சரின்னுட்டா.

என்ன சொன்னீங்க? எறங்கிப் போயிப் பேசிப் பாக்கறதா? தர்மபுரில எறங்குனா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போய்டலாம். எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. நான் இப்பச் சொல்லிட்டு இருந்தேனே, அதையெல்லாம் அவன் முன்னால நின்னு சொல்லிரலாம். ஆனா பாருங்க, கறிக்குழம்பு வச்சிருக்காளாம். அவனுக்கு அக்கா கைக்குழம்புன்னா உசுரு. எத்தனை மாசத்துக்கு அப்பறம் அந்த வீட்டுல வந்து உக்காந்திருக்கறான். நான் போயி வாசல்ல செருப்பை விட்டேன்னு வையுங்க, பாதிச் சோத்துல எந்திரிச்சு நிப்பான். மரியாதைக்கு. "வாங்க மாமா"ன்னும் சொல்லுவான். அப்பறம் உக்கார மாட்டான்.

வேண்டாங்க. நான் ஓசூர் வரைக்கும் போய்ட்டே வர்றேன். அவன் உக்காந்து சாப்பிடட்டும்.